சகுந்தலை கற்றுத் தந்த பாடம்

"நீ வரைகிற பெண்கள் எல்லாரும் ஏன் விழப் போகிறவர்கள் மாதிரியே நிற்கிறார்கள்?" என்று எங்கள் ஓவிய ஆசிரியை ஒரு நாள் கேட்டார். வகுப்பே சிரித்தது. கண்ணுக்கு மை, கூந்தலுக்குப் பூ என்று முகத்தை அழகாக வரைவேன். கால்கள் மட்டும் தரையில் பதியாது. அதனால் பாதங்களைப் புல்லுக்குள் மறைத்துவிடுவேன்!

இதற்கு மருந்து, பள்ளிச் சுற்றுலாவில் திருவனந்தபுரம் சென்றபோது கிடைத்தது. அங்குள்ள அருங்காட்சியக வளாகத்தில் 1935இல் தொடங்கப்பட்டது சித்ரா ஓவியக்கூடம். அதன் செல்வங்களுள் ஒன்று ராஜா ரவிவர்மா (1848-1906) தீட்டிய சகுந்தலை ஓவியம். துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு ஆசை. தோழியர் கேலி செய்வார்களே என்று நாணம். ஆகவே காலில் முள் தைத்ததுபோல் நடித்து, ஒரு காலைத் தூக்கி, தோழியின் தோளைப் பற்றிக்கொண்டு பின்னால் பார்க்கிறாள்.

"முகத்தைப் பார்க்காதே, பாதத்திலிருந்து மேலே பார்" என்றார் ஆசிரியை. அப்படிப் பார்த்தபோது மூன்று பாடங்கள் கற்றேன்.

முதலாவது, உடலின் பாரம். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டைப் போல, ஒற்றைக் காலில் நிற்பவரின் கழுத்துக் குழியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால், அது ஊன்றிய பாதத்தின்மேல் வர வேண்டும். விலகினால் உருவம் விழுவதுபோல் தோன்றும். ஆனால் எதிலாவது சாய்ந்து நின்றால், பாரத்தில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளும். நான் ஒரு கண்ணை மூடி, உள்ளங்கையால் தோழியை மறைத்துப் பார்த்தேன். சகுந்தலை தடுமாறுவதுபோல் இருந்தது! கையை எடுத்ததும் உறுதியாக நின்றாள்.

இரண்டாவது, சேலை மடிப்புகள். நான் அழகுக்காக இஷ்டம்போல் கோடு போடுவேன். உண்மையில் துணி எங்கே இழுபடுகிறதோ, அங்கிருந்துதான் மடிப்புகள் புறப்படுகின்றன. முழங்கால் மடங்கியிருப்பதையும் இடுப்பு திரும்பியிருப்பதையும் துணியே சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, தூரம். அருகில் நிற்பவர்களின் உருவம் தெளிவாகவும், தொலைவிலுள்ள மரங்கள் மங்கலாகவும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் வரைந்தால் காடும் பெண்ணும் ஒட்டிக்கொள்ளும்.

"பார்த்தால் மட்டும் வந்துவிடுமா?" என்று கேட்டேன். ஆசிரியை ரவிவர்மாவின் கதையையே சொன்னார். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். எண்ணெய் வண்ண முறையைக் கற்றுக்கொடுக்க அவர் மறுத்துவிட்டார். தாம் வரையும்போது பார்க்க மட்டும் இசைந்தார். இருபது வயது ரவிவர்மா உன்னிப்பாகப் பார்த்தார். பிறகு தனியே திரும்பத் திரும்ப வரைந்து பழகினார். பார்ப்பதும் பழகுவதும் சேர்ந்தால்தான் கலை வரும் என்பது எனக்குப் புரிந்தது.

வீடு திரும்பியதும் தங்கையை ஒற்றைக் காலில் நிற்க வைத்தேன். பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டு, முதலில் நேர்கோடு, பிறகு தோள், இடுப்பு, பாதம் என்று வரைந்தேன். அவள் "கால் வலிக்குது அக்கா!" என்று கத்த, ஆறு தாள்கள் வீணாயின. ஏழாவதை ஆசிரியையிடம் காட்டினேன். அவர் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பாதங்களை மட்டும் பார்த்தார். "நிற்கிறாள்" என்றார். அந்த ஒரு சொல் எனக்குப் பரிசுக் கோப்பையைவிடப் பெரிது.

அன்புத் தோழியரே, அருங்காட்சியகத்திற்குச் சென்றால் ஓடி ஓடி நூறு படங்களைப் பார்க்க வேண்டாம். ஒரே படத்தின் முன் அரை மணி நேரம் நில்லுங்கள். பென்சிலும் சிறிது நூலும் கொண்டு செல்லுங்கள். வராததைப் புல்லுக்குள் மறைக்காமல், அதையே முதலில் வரையுங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி