கொல்கத்தாவில் ஒரே ஒரு மத்தியானமா? இதைப் படிச்சுட்டுக் கிளம்புங்க!

காசி, கயா போய்ட்டுத் திரும்பறவங்க, ஆபீஸ் வேலையா போனவங்க, எல்லாருக்கும் கொல்கத்தாவில் கிடைக்கிறது ராத்திரி ரயிலுக்கு முன்னாடி ஒரு மத்தியானம்தான். உடனே பத்து இடத்துக்குப் பட்டியல் போடுவீங்களே, தெரியாதா எனக்கு! கிழிச்சுப் போடுங்க. ஒரு கட்டடம், ஒரு ஆறு, கொஞ்சம் இனிப்பு. அவ்வளவு போதும்.

1. சாப்பிட்டுட்டுக் குட்டித் தூக்கம் போடலாம்னு நினைக்கவே நினைக்காதீங்க. கொல்கத்தா கிழக்கே ரொம்பத் தள்ளி இருக்கிற ஊர். டிசம்பர்ல அஞ்சு மணிக்கெல்லாம் சூரியன் மறைஞ்சுடும். நம்ம ஊர்க் கணக்குல மூணரைக்குக் கிளம்பினா இருட்டைத்தான் போட்டோ எடுக்கணும். ஒரு மணிக்கே வெளியில நில்லுங்க.

2. திங்கட்கிழமைன்னா விக்டோரியா மெமோரியல் கூடங்களும் இந்தியன் மியூசியமும் லீவு. தட்சிணேஸ்வரம், பேலூர் மடம் போகணும்னா காலையிலேயே போயிடுங்க. மத்தியானம் சாத்தியிருப்பாங்க, வாசல்ல உட்கார்ந்து புலம்பிப் பிரயோஜனம் இல்லை.

3. பெட்டியை இழுத்துக்கிட்டு ஊர் சுத்தாதீங்க. ஹவுரா ஸ்டேஷன் கிளோக் ரூம்ல போட்டுடுங்க. பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டாங்க, டிக்கெட்டும் காட்டணும். அதுக்கு முன்னாடி அந்த டிக்கெட்டை ஒரு தடவை ஒழுங்காப் படிங்க. கோரமண்டல் மாதிரி சில ரயில் இப்போ ஷாலிமார்ல இருந்து கிளம்புது. ஹவுராவுக்கு ஓடிப் போய் நிக்காதீங்க.

4. போகும்போது மெட்ரோ. ஹவுரால ஏறி எஸ்பிளனேடுல இறங்கி, அங்கேயே வேற லைன் மாறினா ரவீந்திர சதன். விக்டோரியாவுக்கு அதுதான் பக்கம். 2024 மார்ச்சுல திறந்த இந்த ஹவுரா லைன் ஹூக்ளி ஆத்துக்கு அடியில போகுது. மீன் தெரியுமான்னு பிள்ளைங்க கேட்கும். தெரியாது, சுரங்கத்துல நீல விளக்குதான் எரியும், அதுவும் ஒரு நிமிஷம்கூட இல்லைன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. இல்லைன்னா அழுகையைச் சமாளிக்க நீங்கதான் இருக்கீங்க.

5. விக்டோரியாவா, மியூசியமா? ஒண்ணுதான். மியூசியம் 1814-ல ஆரம்பிச்சது, பார்ஹுத் சிற்பமும் எகிப்து மம்மியும் இருக்கு. ஆனா கடல் மாதிரி பெரிசு, அரை நாள் விழுங்கிடும். மழைன்னா அங்கே ஒதுங்குங்க. மத்த நாள்ல என் ஓட்டு, 1921-ல திறந்த விக்டோரியாவுக்குத்தான். மக்ரானா பளிங்குக் கட்டடத்தை வெளியில நின்னு பார்க்கிறதே பாதி சுகம். தோட்டத்துக்குத் தனி டிக்கெட் உண்டு. நேரம் இல்லைன்னா அதோட நிறுத்திக்குங்க.

6. ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி "விக்டோரியா போலாமா"ன்னு கேட்காதீங்க. அங்கே ஷேர் ஆட்டோதான், அததுக்கு ஒரு ரூட்டு. மஞ்சள் டாக்சியோ ஆப் டாக்சியோ பிடிங்க.

7. திரும்பும்போது மெட்ரோ வேண்டாம், ரோடு வேண்டவே வேண்டாம். சாயங்காலம் ஹவுரா பாலத்துல டாக்சி நகராது, மீட்டர் மட்டும் நகரும். விக்டோரியால இருந்து டாக்சில பாபுகாட் படித்துறைக்குப் போங்க. அங்கே இருந்து ஹவுராவுக்கு ஃபெர்ரி, காசு ரொம்பக் கொஞ்சம். தனிப் படகுக்காரர் கூப்பிட்டா பேரம் பேசாம காலை வைக்காதீங்க. இருட்டற நேரம் பார்த்து ஏறினா 1943-ல இருந்து நிக்கிற அந்தப் பாலம் விளக்கோட எதிரே வரும். ரொம்ப லேட் பண்ணாதீங்க, ராத்திரி ஃபெர்ரி நின்னுடும்.

8. இனிப்பு விஷயத்துல அவசரப்படாதீங்க. மிஷ்டி தோய், அதான் இனிப்புத் தயிர், மண் சட்டியில வரும், பைக்குள்ள கவிழும். அங்கேயே சாப்பிட்டுடுங்க. ஊருக்கு ரசகுல்லான்னா டின்ல அடைச்சது. குளிர்காலமா இருந்தா நொலேன் குர், அதான் புது ஈச்ச வெல்லம் போட்ட சந்தேஷ், கால் கிலோவாவது வாங்குங்க. வெயில் காலத்துல அதையே காட்டினா வாங்காதீங்க. புச்கா, அதான் அந்த ஊர் பானி பூரி, எவ்வளவு ஆசையா இருந்தாலும் ரெண்டோட நிறுத்துங்க. ராத்திரி முழுக்க ரயில்ல இருக்கணும், ஞாபகம் இருக்கட்டும்.