பனியின் பாரம்

எமது ஊர்களில் பனி என்னும் சொல்லுக்குப் பாரம் இருந்ததில்லை. மார்கழி விடியலில் புல்நுனியில் நின்ற துளியும் வயல்வெளியை மூடிய புகாரும் அச்சொல்லுக்குள் அடங்கின. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என முன்னோர் வகுத்ததும் அந்தப் பனியை எண்ணியே. இங்கு வந்தபின், வானிலிருந்து இறங்கித் தரையில் குவியும் வெண்பனிக்கும் அதே சொல்லைக் கொடுத்துவிட்டோம். அதனாற்போலும், அதன் நிறையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

2009ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி இலண்டனில் பெய்த பனி ஒரு முழ உயரமும் இராது. அதற்கே நகரின் பேருந்துகள் யாவும் நிறுத்தப்பட்டன. பாடசாலைகள் பல மூடப்பட்டன. டூட்டிங் பிள்ளைகளுக்கு அது திருநாள். ஆனால் எம்மிற் பலருக்குச் சுவிற்சர்லாந்தில் உறவினர் உண்டு. 1980களில் தஞ்சம் கோரிச் சென்றோரை அந்நாட்டரசு மாநிலந்தோறும் பங்கிட்டு அனுப்பியதால், ஆனையிறவுக்கு அப்பால் ஒரு மலையையும் அறியாதிருந்தோர் சிலர் அல்ப்ஸ் மலையடிவாரங்களில் குடியேற நேர்ந்தது. விடுமுறைக்கு அங்கு செல்லும் மாணவர்கள் பின்வருவனவற்றை அறிந்திருத்தல் நன்று.

புதிதாய் விழுந்த பனி ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம் நிறுக்கும். படிந்து இறுகினால் அது இருமடங்கு, மும்மடங்காகும். 100 சதுர மீற்றர் கூரையில் ஒரு மீற்றர் இறுகிய பனி நின்றால் 20 முதல் 30 தொன் வரை பாரம். ஆகவேதான் மலைவீட்டின் உத்தரங்கள் அத்தனை பருமனாயுள்ளன. கூரைப்பனி நடைபாதையிற் சரிந்து ஆளை மூடாதிருக்கக் கூரையோரத்தில் தடுப்புகளும் பொருத்துவர். தாவோஸ் அருகே பிரௌவன்கேர்க் என்னும் ஊரில் உள்ள பழைய தேவாலயத்தின் பின்சுவர், மலையை நோக்கிக் கப்பலின் அணியம்போற் கூராய்க் கட்டப்பட்டிருக்கிறது. சரிந்துவரும் பனி இரண்டாய்ப் பிளந்து விலகிச் செல்வதற்கே அவ்வடிவம். அண்டர்மற் ஊரார் தமக்கு மேலுள்ள காட்டில் மரந்தறிப்பதை 1397ஆம் ஆண்டிலேயே தடைசெய்தனர். அக்காடே அவர்களின் வேலி.

இத்தனை அறிவிருந்தும் 1999 பெப்ரவரியில் பெரும் பனிச்சரிவுகள் நேர்ந்தன. 21ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் எவொலேன் பகுதியில் 12 பேரும், 23ஆம் திகதி ஒஸ்திரியாவின் கல்ற்றூர் கிராமத்தில் 31 பேரும் மாண்டனர். கல்ற்றூரில், ஆபத்தற்றவையென வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்த இடத்து வீடுகளையும் பனி அடித்துச் சென்றது. அதன்பின் வரைபடங்கள் திருத்தப்பட்டன. ஊருக்கு மேலே பெருஞ்சுவரும் எழுந்தது.

இன்று பனிச்சரிவு அபாயம் ஐந்து படிகளாக அறிவிக்கப்படுகிறது. சுவிற்சர்லாந்தில் தாவோஸ் ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் நாளுக்கு இருமுறை அதனை வெளியிடும். வீதி மூடப்பட்டால் அது திறக்கும்வரை வீட்டிலிருத்தலே அங்குள்ளோரின் வழக்கம். அதற்கென இலையுதிர் காலத்திலேயே மாவும் விறகும் மருந்தும் சேர்த்து வைப்பர். "இவ்வளவு தூரம் வந்தோம், திருமணத்துக்குப் போகாதிருப்பதா?" என்று தடையைத் தாண்டிக் காரைச் செலுத்த முனைவது எம்மவரிடையே காணப்படும் குணம், சொல்லக் கசப்பெனினும் சொல்லவேண்டியுள்ளது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பனியிற் புதைந்த காரை இயக்குமுன் அதன் புகைக்குழாயைச் சுற்றித் தோண்டி விடுங்கள். குழாய் அடைபட்டால் மணமும் நிறமுமற்ற காபனோரொட்சைட்டு வாயு காருக்குள் நிறையும்; குளிருக்காக உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளை உறங்குவதுபோலவே இறந்துவிடும். வீட்டின் வெப்பமூட்டிக் குழாய்க்கும் இது பொருந்தும். இதய நோயுள்ள தாத்தாவிடம் மண்வெட்டியைக் கொடாதீர்கள். ஈரப்பனியை அள்ளுவது கல் அள்ளுவதற்கு ஒப்பு.

மாணவர்களே, இலண்டனில் அடுத்தமுறை பனி விழும்போது ஒரு லீற்றர் கிண்ணத்தை அழுத்தாமல் நிரப்பி, அடுப்படியில் உருகவிட்டு, நீரை அளந்து பாருங்கள். உலர்ந்த மலைப்பனியாயின் நூறு மில்லிலீற்றர் அளவே கிடைக்கும். எமது பனி ஈரம் மிக்கது, கூடுதலாகவே வரும். வந்த அளவைக் கொப்பியிற் குறித்து வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.