கடைசிக் குறிக்குத் திரும்பு!

1994-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. ஆவடிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. சாரணர் படையில் கழுகு அணிக்கு நான் அணித்தலைவன். என்னோடு சேர்த்து எட்டுப் பேர்.

சாரணியத்தின் உயிரே இந்தச் சிறு அணிதான். 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் இருபது சிறுவர்களை அழைத்துச் சென்று நடத்திய முதல் முகாமிலேயே அவர்களை அணிகளாகப் பிரித்துப் பொறுப்புகளைக் கொடுத்தார். நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியச் சிறுவர்களுக்கும் சாரணியம் கிடைக்க வேண்டும் என்று அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் 1916-இல் இங்கே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கம் உருவானது. அடுத்த ஆண்டே சாரணியரும் இணைந்தார்கள்.

அன்று பூந்தமல்லி நோக்கி நடைப்பயணம். பாதை பிரியும் இடங்களில், பின்னால் வருபவர்களுக்காகக் கற்களால் அம்புக்குறி வைப்பது என் வேலை. அம்பு என்றால் இந்த வழி. பெருக்கல் குறி என்றால் இந்த வழி வேண்டாம். வட்டமும் நடுவில் புள்ளியும் என்றால் வீடு திரும்பிவிட்டேன். கென்யாவில் பேடன் பவலின் கல்லறையிலும் அந்தக் குறிதான் இருக்கிறது.

எங்கள் அணியில் ஒருவன் மெதுவாக நடப்பான். புலி அணியை முந்த வேண்டும் என்ற அவசரம் எனக்கு. இரண்டு பிரிவுகளில் குறி வைத்தேன், மூன்றாவதில் வைக்கவில்லை. முதலில் போய்ச் சேர்ந்த பெருமையோடு நின்றோம். சாரண ஆசிரியர் எண்ணினார். ஏழு பேர்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், அரை மணி நேரம் கழித்து அவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். மூன்றாவது பிரிவில் குறி இல்லாததால் கொஞ்ச தூரம் தவறாகப் போயிருக்கிறான். பிறகு இரண்டாவது குறிக்கே திரும்பி, அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். "குறி தெரியலைன்னா கடைசியா பார்த்த குறிக்குத் திரும்பிடணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றான்.

சார் என்னைத் திட்டவில்லை. அடுத்த அணித்தலைவர் கூட்டத்தில் நடந்ததை நானே சொல்ல வேண்டும் என்றார், அவ்வளவுதான். "மூணாவது பிரிவுல நான் குறி வைக்கல" என்று எல்லார் முன்பும் சொன்னேன். பதினான்கு வயதில் அது எளிதான வாக்கியம் அல்ல.

பி.எட். முடித்து, கணக்கு ஆசிரியராகிப் பல ஆண்டுகளில் அந்தப் பாடத்தை மறந்திருந்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவிக்குப் பின்னக் கூட்டல் வரவே இல்லை. நானும் அதே கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினேன். ஒருநாள் கரும்பலகை முன் அவள் வெறுமனே நின்றபோது, அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நினைவுக்கு வந்தான்.

பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனேன். பத்தில் பாதி தெரிந்தது. மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்றேன். "நாலுதானே சார் பெருசு?" என்றாள். பாதை பிரிந்த இடம் அதுதான். ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றொன்றை நான்காகவும் மடிக்கச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள், தானே திருத்திக்கொண்டாள். உடனே எல்லாம் வந்துவிடவில்லை. ஆனால் அங்கிருந்து நடக்கத் தொடங்கினாள்.

இப்போது என் வகுப்பில் மூன்று பழக்கங்கள் உண்டு.

1. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகள். தலைமை மாதந்தோறும் மாறும். மதிப்பெண் பார்த்து அல்ல.

2. அணியில் கடைசி மாணவரும் முடித்த பிறகே அந்த அணி முடித்ததாகக் கணக்கு. முதலில் முடித்தவர் உதவுவார். விடையைச் சொல்லக் கூடாது.

3. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், "எதுவரை புரிந்தது?" என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதித் தருவார்கள். அதுதான் அவர்களின் கடைசிக் குறி.

நண்பர்களே, உங்கள் பள்ளியில் சாரணர் படை இருந்தால் அதை அணிவகுப்புக்கும் விழாப் பணிக்கும் மட்டும் என்று நிறுத்திவிடாதீர்கள். இல்லையென்றால் அடிப்படைப் பயிற்சி பெற்று ஒன்றைத் தொடங்குங்கள். வழி தவறிய பிள்ளையைத் திட்டும் முன், அந்தப் பிரிவில் நாம் குறி வைத்தோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.