காணிக்காரரும் ஆரோக்கியப் பச்சையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலுள்ள அகஸ்திய மலைக் காடுகளில் காணிக்காரர் என்னும் பழங்குடியினர் வசித்து வருகின்றனர். 1987-ம் வருஷத்தில் தாவர ஆராய்ச்சியாளர் சிலர் அவர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு அங்குச் சென்றனர். ஏற்றத்தில் ஆராய்ச்சியாளர் களைத்துப்போக, வழிகாட்டிகளோ ஒருவகைச் சிறு கனிகளைத் தின்றுகொண்டு சோர்வின்றி நடந்தனர். அது குல இரகசியமாதலின், செடியைக் காட்ட முதலில் மறுத்துப் பின்னரே இசைந்தனர். அதுவே ஆரோக்கியப் பச்சை. மரநிழலில் வளரும் சிறு பூண்டு.

திருவனந்தபுரம் ஜில்லா பாலோட்டிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் இதன் இலையுடன் வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கினர். 1995-ல் அதன் செய்முறை ஒரு மருந்துசாலைக்கு ரூ. 10 லட்சத்துக்கும், விற்பனையில் 2 சதவிகிதத்துக்கும் கொடுக்கப்பட்டது. வரவிற் பாதி காணிக்காரருக்கென ஒதுக்கப்பட்டது. ஆனால் அதைப் பெறுதற்குரிய அவர்களது நல நிதியம் 1997-ல்தான் பதிவாயிற்று. ரிசர்வ் காட்டில் இச்செடியைப் பயிரிட்டு இலை எடுப்பதற்கும் வன இலாகா ஆட்சேபித்தது.

இதனின்று அறியத்தக்கது யாதெனில், காட்டுக் கிராமத்தில் ஒரு செடியின் குணத்தைக் கேட்டறிவோர், அதற்குரியவரின் பங்கையும், பங்கைப் பெறும் சபையையும், சாகுபடி அனுமதியையும் முன்னதாகவே எழுத்தில் முடிவு செய்தல் வேண்டும். கிராம அதிகாரிகள் இதனைக் கவனிப்பாராக.