இரைப்பைத் தசையும் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியும்



வயிற்று உப்பிசம், மந்தம், பிசைவு, மலச்சிக்கல் என்றால் நம் வீடுகளில் முதலில் திறப்பது அஞ்சறைப் பெட்டியைத்தான். இஞ்சிச் சாறு, ஓமத் தண்ணீர், சீரகக் கஷாயம், புதினாத் துவையல். அதற்கும் அடங்காவிட்டால் நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரைப் பொடி. இவை அனைத்தையும் "வயிற்றுக்கு நல்லது" என்று ஒரே கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் இவை செய்வது ஒரே வேலை அல்ல. சில பொருட்கள் வயிற்றுத் தசையை வேகமாக ஓட்டுகின்றன. வேறு சில அதே தசையைத் தளர்த்துகின்றன. எது எதைச் செய்கிறது என்று தெரிந்தால்தான், எப்போது கொடுக்கலாம், எப்போது கொடுக்கவே கூடாது என்பது விளங்கும். இந்த இதழின் ஆரோக்கியப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

வயிறு ஒரு தசைப் பை

இரைப்பையின் சுவரில் நெடுக்காகவும் வட்டமாகவும் சாய்வாகவும் மூன்று அடுக்குத் தசைகள் உள்ளன. கை கால் தசைகளைப் போல இவை நம் விருப்பப்படி அசைவதில்லை. தாமாகவே சுருங்கி விரிகின்றன. இவற்றுக்கு மென்தசை என்று பெயர். நிமிடத்துக்குச் சுமார் 3 முறை ஓர் அலை போலச் சுருங்கி, சோற்றைக் கூழாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குத் தள்ளுகின்றன. தறிக்கு மோட்டார் எப்படியோ, அப்படி இந்த அலைக்கும் வேகம் வகுத்துத் தரும் செல்கள் சுவருக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த ஸ்பெயின் நாட்டு அறிஞர் காஹாலின் பெயரால் அவை "காஹால் செல்கள்" என்று அழைக்கப்படுகின்றன.

தசை சுருங்குவதற்கு இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின். இது "சுருங்கு" என்ற கட்டளை. இரண்டு, தசைச் செல்லுக்குள் நுழையும் கால்சியம். அது உள்ளே வந்தால்தான் கட்டளை நிறைவேறும். தசையைத் தளர்த்தும் தாவரப் பொருட்கள் பலவும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தடுக்கின்றன.

ஓட்டும் பொருட்கள்

திருக்குர்ஆனின் 76-ஆவது அத்தியாயம் 17-ஆவது வசனத்தில் ஸன்ஜபீல் என்று இஞ்சியின் பெயர் வருகிறது. இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். காயவைத்துச் சுக்காகும்போது அதில் ஒரு பகுதி ஷோகால் என்ற இன்னும் காரமான பொருளாக மாறுகிறது. 2008-இல் தைவான் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், நலமாக உள்ள 24 பேருக்கு 1.2 கிராம் இஞ்சிப் பொடி கொடுத்து, பிறகு சூப் குடிக்க வைத்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட நாளில் இரைப்பை பாதி காலியாகச் சுமார் 27 நிமிடம் ஆனது. இஞ்சி சாப்பிட்ட நாளில் சுமார் 13 நிமிடமே ஆனது. சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கும் மந்தத்துக்கு நம் பெரியவர்கள் சுக்குக் காபி கொடுத்ததில் பொருள் இருக்கிறது. ஆனால் அதே குழுவினர் பின்னர் அஜீரணக்காரர்களிடம் சோதித்தபோது, இரைப்பை சீக்கிரம் காலியானதே தவிர, அவர்களுடைய தொந்தரவு குறையவில்லை. எல்லா அஜீரணமும் தசை மந்தத்தால் வருவதில்லை என்பதே இதில் உள்ள பாடம்.

அடுத்தது நிலாவாரை. அரபியில் ஸனா. அரேபியாவையும் வடகிழக்கு ஆப்பிரிக்காவையும் சேர்ந்த இந்தச் செடி நம் தென் மாவட்டங்களில் பயிராகி, உலகச் சந்தையில் "திருநெல்வேலி சென்னா" என்றே பெயர் பெற்றுவிட்டது. அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் பேதிக்குக் கடுமையான ஒரு செடியைப் பயன்படுத்தியதாகவும், அது மிகவும் சூடானது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன பின் ஸனாவுக்கு மாறியதாகவும் திர்மிதியில் ஓர் அறிவிப்பு உண்டு. பேதி மருந்திலும் கடுமை பார்க்க வேண்டும் என்ற கவனம் அதில் தெரிகிறது.

நிலாவாரையின் சென்னோசைடு இரைப்பையில் ஒன்றும் செய்வதில்லை. பெருங்குடலில் உள்ள பாக்டீரியா அதைச் சிதைத்த பிறகுதான் அது குடல் தசையைத் தூண்டுகிறது. அதனால் இரவு சாப்பிட்டால் காலையில் வேலை செய்யும். 6 முதல் 12 மணி நேரம் ஆகும். "இன்னும் போகவில்லையே" என்று இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் கலக்கிக் கொடுப்பது தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது. ஆயினும் அளவு மீறி நாள்தோறும் எடுத்தால் உடலில் பொட்டாசியம் குறைந்து, தளர்ச்சியும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம்.

தளர்த்தும் பொருட்கள்

மெந்தால் தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வழியை அடைக்கிறது. பிடித்த தசை தளர்கிறது. குடல் எரிச்சல் நோய்க்குப் பெப்பர்மிண்ட் எண்ணெயைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் கல்லூரி 2021-இல் பரிந்துரைத்தது. நாம் பிரியாணியில் போடும் புதினா வேறு வகை. அதன் வாசனைக்குக் காரணம் கார்வோன். அதில் மெந்தால் மிகக் குறைவு. ஓமத்தில் இருப்பது தைமால். இதுவும் ஆய்வுக்கூடச் சோதனைகளில் குடல் தசையைத் தளர்த்துகிறது.

தளர்வு எல்லா இடத்திலும் நல்லதல்ல. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. பெப்பர்மிண்ட் அதையும் தளர்த்திவிடும். புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அமிலம் இன்னும் மேலே ஏறும்.

சேலம் மாவட்ட வயல்களில் பயிராகும் மருந்துக்கூர்க்கன் கிழங்கைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள ஃபோர்ஸ்கோலின் தசைச் செல்லுக்குள் வேறொரு வழியில் வேலை செய்து தளர்வைத் தருகிறது. இரத்த அழுத்தத்தையும் குறைக்கக் கூடியது. இது கைமருந்து அல்ல.

ஊமத்தையிலும் அதன் இனச் செடிகளிலும் உள்ள ஹயோசினும் அட்ரோபினும் அசிட்டைல்கோலினின் கட்டளையையே தடுத்துவிடும். வயிற்றுப் பிடிப்புக்கு மருத்துவர் தரும் ஒரு மருந்து ஹயோசினில் இருந்துதான் உருவானது. ஆனால் செடியை அரைத்துக் கொடுத்தால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, பேச்சு குழறி, உயிருக்கே ஆபத்தாகும். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இருப்பது அளவு மட்டுமே.

நோன்புக் கஞ்சியில் இரண்டும்

இஞ்சி இரைப்பையை விரைவுபடுத்தும். வெந்தயத்தின் வழவழப்பான நார்ச்சத்தோ உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். நம் நோன்புக் கஞ்சியில் இரண்டும் சேர்ந்தே வேகின்றன. சமையலில் சேரும் அளவில் இவை உணவு. பயப்பட ஒன்றும் இல்லை. சாறாகவும் பொடியாகவும் எண்ணெயாகவும் செறிவாக்கும்போதுதான் மருந்தாகின்றன. இந்த வேறுபாட்டை மனத்தில் வைப்போம்.

கை வைக்கக் கூடாத நேரங்கள்

1. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி, கூடவே காய்ச்சல், வாந்தி: இது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். பேதி மருந்து கொடுத்தால் குடல்வால் வெடிக்கும் அபாயம் கூடும்.

2. வயிறு உப்பி, மலமும் காற்றும் போகாமல், வாந்தி எடுத்தால் குடலில் அடைப்பு இருக்கலாம். அடைத்த குழாயைப் பேதி மருந்தால் தள்ளக் கூடாது.

3. மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குதல், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி: "வாயுப் பிடிப்பு" என்று இஞ்சியும் ஓமமும் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி இல்லாமலும் மாரடைப்பு வரும்.

4. கறுத்த மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைதல்.

5. பல வருடம் சர்க்கரை நோய் உள்ளவர் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைகிறது, முந்தைய வேளைச் சோறு வாந்தியாக வருகிறது என்றால், நரம்பு பாதித்து இரைப்பை மந்தமாகியிருக்கலாம். கஷாயத்தால் மூடி மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

6. பிறந்து 6 மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. ஓமத் தண்ணீர், உரை மருந்து எதுவும் வேண்டாம்.

7. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் பேதி மருந்து எடுக்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இஞ்சியை மருந்தளவில் எடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும்போது, வீட்டில் எந்த மருந்தை, எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். தசையைத் தளர்த்தும் மருந்து வயிற்றில் இருக்கும்போது வலி குறைவாகத் தெரியலாம். மருத்துவருக்கு அது தெரிய வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், காரணம் தெரிந்த சின்னத் தொந்தரவுக்கு அஞ்சறைப் பெட்டி போதும். காரணம் தெரியாத கடும் வலிக்கு ஓட்டும் மருந்தும் வேண்டாம், தளர்த்தும் மருந்தும் வேண்டாம். மருத்துவமனை வாசல்தான் வழி. இந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்படியில் ஒட்டி வையுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல சுகத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.