வீட்டில் பிள்ளைகள் காப்பகம்: தொடங்கும் முன் தேடிக்கொள்ள வேண்டிய தகுதி

திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கும் தலைமைச் செயலகத்துக்கும் ஓடும் தாய்மார்களுக்கு, வீட்டுக்குப் பக்கத்திலேயே பிள்ளையை விட்டுச் செல்ல ஓர் இடம் கிடைத்தால் பெரிய ஆறுதல். வீட்டுக் காப்பகம் நடத்துவதற்கென்று நாடு முழுவதற்கும் பொதுவான உரிமம் எதுவும் நம்மிடம் இல்லை. சட்டம் கேட்காத தகுதியை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். கையில் இருப்பது ஊரார் பிள்ளை.

செய்ய வேண்டியவை

• படிப்பில் ஓர் அளவு வையுங்கள். இன்று 'பால்னா' என்று பெயர் மாறியிருக்கும் தேசிய கிரெச் திட்டம், பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பும் வேண்டும் என்று வகுத்தது. அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

• முறையாகப் பயிற்சி பெறுங்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் இக்னோவின் மழலைப் பராமரிப்பு, கல்வி டிப்ளமோவை வீட்டிலிருந்தே ஓராண்டில் படிக்கலாம். தைக்காட்டிலுள்ள மாநிலக் குழந்தைகள் நலக் கவுன்சிலிலும் உங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்திலும் பயிற்சிகள் பற்றி விசாரியுங்கள்.

• முதலுதவியைப் பொம்மையில் செய்து பழகுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஏதாவது தொண்டையில் அடைத்து மூச்சு நின்றால், தலை தாழ்ந்திருக்கப் பிடித்து முதுகில் 5 தட்டு, பிறகு திருப்பி நெஞ்சில் 5 அழுத்து. பதற்றத்தில் புத்தகம் நினைவுக்கு வராது.

• வளர்ச்சியைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த ஊர் மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய டி.டி.எஸ்.சி. அட்டவணையில், 2 வயது வரைக்கும் 17 செயல்கள் உண்டு. ஒரு பேனாவும் சாவிக்கொத்தும் இருந்தால் பார்த்துவிடலாம். சந்தேகம் வந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். நீங்களே நோய்ப் பெயர் சூட்ட வேண்டாம்.

• உங்களுக்கும், உதவியாளருக்கும், வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் எல்லாருக்கும் காவல்துறைச் சான்று வாங்குங்கள். கேரள காவல்துறையின் 'துணா' தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

• கிணற்றுக்குக் கம்பிவலை மூடி போடுங்கள். குளியலறை வாளியில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். தவழும் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரே ஆபத்து.

செய்யக்கூடாதவை

• தலைக்கணக்கைக் கூட்டாதீர்கள். 2013-ஆம் ஆண்டு தேசிய மழலைப் பராமரிப்பு, கல்விக் கொள்கை, 3 வயதுக்கு உட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒருவர் என்கிறது. சமையலையும் கவனித்துக்கொண்டு தனியாளாகப் பார்ப்பவருக்கு நாலு கைக்குழந்தைகளே அதிகம்.

• இல்லாத 'அரசு அங்கீகாரத்தை'ப் பலகையில் எழுதாதீர்கள்.

• தூங்குவதற்காக இருமல் மருந்து கொடுக்காதீர்கள். பெற்றோர் எழுதித் தராத எந்த மருந்தும் வேண்டாம். பச்சைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்காதீர்கள்.

• அடிக்காதீர்கள்; பூச்சாண்டி காட்டிச் சோறூட்டாதீர்கள்.

• பாலியல் துன்புறுத்தல் நடந்ததாகத் தெரிந்தால், குடும்ப மானம் என்று மூடி வைக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் தராமல் இருப்பதே குற்றம். 1098-ஐ அழையுங்கள்.

• பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள்.

• சின்ன அடியையும் மறைக்காதீர்கள். எப்போது விழுந்தான், என்ன செய்தீர்கள் என்று நோட்டில் எழுதி, மாலையில் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். இரவு சட்டை மாற்றும்போது தாய் தானாக அந்த வீக்கத்தைக் கண்டால், மறுநாள் அலுவலகத்தில் அவளுக்கு வேலை ஓடாது.