தார்ச்சாலையின் உறுதியைச் சொல்லும் ராடார்

ஒரே காண்டிராக்டர் ஒரே வாரத்தில் போட்ட தார்ச்சாலையில் ஒரு பகுதி பல ஆண்டுகள் தாங்குகிறது. அடுத்த பகுதி இரண்டு மழைக்காலத்தில் குழியாகிவிடுகிறது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கலவைக்குள் தங்கிவிட்ட காற்று. அதை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஜல்லியும் தாரும் கலந்த கலவையைச் சுமார் 140, 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் பரப்புகிறார்கள். அது ஏறத்தாழ 80 டிகிரிக்கு ஆறுவதற்குள் ரோலர் தன் வேலையை முடித்துவிட வேண்டும். அதன்பின் எத்தனை முறை உருட்டினாலும் பயன் குறைவே. நெருக்கமான கலவையில் காற்றிடைவெளி 8 சதவீதத்தைத் தாண்டினால், இடைவெளிகள் ஒன்றோடொன்று இணைந்து நீர் இறங்க வழிவிடுகின்றன. நீர் புகுந்தால் ஜல்லியிலிருந்து தார் பிரிகிறது.

இதுவரை வழக்கத்தில் உள்ள சோதனை, சாலையைத் துளைத்து உருளை வடிவ மாதிரி எடுப்பதுதான். 3.5 மீட்டர் அகலச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு 3,500 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. விட்டமுள்ள மூன்று மாதிரிகள் எடுத்தால், சோதித்த பரப்பு சுமார் 235 சதுர செ.மீ.; ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தின் பக்க அளவு! பலவீனம் மிகுந்த நீளவாட்டு இணைப்புகள் இதில் எளிதில் தப்பிவிடும்.

ராடார் இந்தக் குறையைத் தீர்க்க உதவுகிறது. வண்டியில் பொருத்திய ஆண்டெனா, 1 ஜிகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் மேற்பட்ட அதிர்வெண்ணில் மின்காந்த அலைகளைச் சாலைமீது செலுத்துகிறது. ஒரு பகுதி மேற்பரப்பிலிருந்து திரும்பி வருகிறது. முதலில் உலோகத் தகடு ஒன்றை வைத்து, முழுமையாகத் திரும்பும் அலையின் வலிமையை அளந்துகொள்கிறார்கள். சாலையிலிருந்து திரும்பும் அலை அதில் 0.40 பங்கு என்று கொள்வோம். ஒன்றுடன் இதைக் கூட்டினால் 1.40, ஒன்றிலிருந்து கழித்தால் 0.60. முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கப்படுத்தினால் 5.44. இதுவே அந்த இடத்தின் மின்காப்பு மாறிலி. இன்னோர் இடத்தில் பங்கு 0.37 எனில் விடை 4.73. காற்றின் மாறிலி 1 மட்டுமே. ஆகவே ஒரே கலவையில் எண் குறைந்த இடத்தில் காற்று அதிகம், அழுத்தம் போதவில்லை என்று பொருள்.

பின்லாந்தில் 1990-களிலேயே இம்முறையைத் தரக் கட்டுப்பாட்டில் பயன்படுத்தத் தொடங்கினர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலமும் பிற்பாடு இதைக் கையாண்டு வருகிறது.

ஆனால் ராடாரை மட்டும் நம்பிவிட முடியாது. நீரின் மாறிலி சுமார் 80. சாலை ஈரமாக இருந்தால் கணக்கு தவறிவிடும். கல்லின் வகை மாறினாலும் எண் மாறும். எனவே ராடார் காட்டும் உயர்ந்த, தாழ்ந்த இடங்களில் சில மாதிரிகளைத் துளைத்தெடுத்து, எந்த எண்ணுக்கு எத்தனை சதவீதக் காற்று என்று ஒவ்வொரு கலவைக்கும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். துளையிடும் வேலை அடியோடு ஒழிவதில்லை. எங்கே துளையிட வேண்டும் என்பது தெரிகிறது.

குறை அன்றைக்கே தெரிந்தால், மறுநாள் ரோலர் ஓட்டும் முறையையாவது திருத்தலாம். மழை வந்து காட்டும்போது தெரிந்தால், அதே சாலைக்கு மக்கள் பணம் இரண்டாம் முறை செலவாகும்.